ரிச்சி தெருவில் வாங்கிய பழைய திங்க்பேட் டி480, அதில் லினக்ஸ்: ஆறு மாதம் கழித்து

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். லேப்டாப்புக்கு ஐந்துக்கு நாலரை. விற்ற கடைக்கு மூன்று. அதே கடையில் கிளம்பும் நேரத்தில் "சார், இதையும் எடுத்துக்கோங்க" என்று தலையில் கட்டிய வைஃபை டாங்கிளுக்கு முட்டை. அந்தக் கதை கீழே வருகிறது.

நான் செய்வது தமிழ்ப் புத்தகங்களுக்குப் பிழைதிருத்தமும் பக்க வடிவமைப்பும். நாளைக்கு எட்டு மணி நேரமாவது தட்டச்சு. பழைய லேப்டாப்பில் ஒரு 'ந' அடித்தால் இரண்டு 'ந' விழ ஆரம்பித்ததும் இனி தள்ளிப்போட முடியாது என்று தெரிந்துவிட்டது. புதிதாக வாங்கலாம் என்று பார்த்தால், என் பட்ஜெட்டுக்குள் வரும் மெஷின்களின் கீபோர்டு எல்லாம் அப்பளத்தை அமுக்குவது போல இருக்கிறது. வீட்டில் பத்து வருடமாக லினக்ஸ்தான் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்), எனவே விண்டோஸுக்காக யோசிக்க வேண்டியதில்லை. லெனோவோவின் திங்க்பேட், செகண்ட் ஹேண்டில், என்று முடிவு செய்தேன், அதிலும் டி480.

ஏன் இந்த மாடல் என்று கேட்பீர்கள். 2018 தொடக்கத்தில் வந்த மெஷின். எட்டாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர், ஐ5 என்றாலே நாலு கோர் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் மூளைகள்). அதற்கு முந்தைய டி470இல் இரண்டு கோர்தான். அடுத்து வந்த டி490இல் ரேமில் ஒரு பாதியை போர்டோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள், பின்னால் கழற்றி மாட்டும் பேட்டரியையும் எடுத்துவிட்டார்கள். டி480இல் இரண்டு ரேம் ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்ட இன்னொன்று. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் பேட்டரியைக் கழற்றி வேறொன்று மாட்டலாம், அணையாது. இந்த மாதிரி ஒன்றை இனி யாராவது செய்வார்களா என்று தெரியவில்லை. ஒரு பக்கக் குறிப்பு: விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் ஏழாம் தலைமுறை மெஷின்கள் இன்னும் மலிவு. லினக்ஸ் போடப் போகிறவருக்கு அதிலும் லாபம்தான், டைப் செய்து மெயில் பார்ப்பதோடு சரி என்றால் டி470ஏ போதும்.

கடை சென்னை ரிச்சி தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில். பெயர் வேண்டாம், ஏனென்றால் நான் சொல்லப் போகும் குறைகள் அந்தத் தெருவில் பாதிக் கடைகளுக்குப் பொருந்தும். கம்பெனிகளில் லீஸ் முடிந்து மொத்தமாக வரும் மெஷின்களைத் துடைத்து, புது எஸ்எஸ்டி போட்டு விற்கிறார்கள். ஐ5-8350யூ, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 1920க்கு 1080 திரை என்று கேட்டேன். 22,000 என்றார்கள். 19,500க்கு வந்தது.

இங்கேதான் முக்கியமான விஷயம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது மாடு வாங்குவார்களா? பையில் ஒரு பென்டிரைவ் கொண்டுபோயிருந்தேன், அதில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22, டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். கவுண்ட்டரில் இருந்த தம்பி, "லினக்ஸ் போட்டா வாரண்டி கிடையாது சார்" என்றான். போடவில்லை, பார்க்கத்தான் போகிறேன் என்றேன். முகத்தைச் சுளித்தபடி சார்ஜரை நீட்டினான்.

முதல் மெஷினில் எஃப்1 தட்டி பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) போனால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கிறது. பழைய கம்பெனி போட்ட பூட்டு, கடைக்காரருக்கும் தெரியாது. இந்தப் பூட்டு இருந்தால் 'செக்யூர் பூட்' என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைப்பது உட்பட முக்கியமான எதையும் மாற்ற முடியாது, அதைச் சுலபத்தில் எடுக்கவும் முடியாது. "அதெல்லாம் யாரு சார் உள்ள போறாங்க" என்றார் முதலாளி. நான் போவேன் என்றேன், அடுத்தது வந்தது.

இரண்டாவதில் பூட்டு இல்லை. எஃப்12 தட்டி பென்டிரைவிலிருந்து எழுப்பினேன். வைஃபை உடனே வந்தது, என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தது. சத்தம், கேமரா, எல்லா யூஎஸ்பி ஓட்டைகள், ஒலிகூட்டும் பட்டன்கள், மூடித் திறந்தால் எழுகிறதா என்று எல்லாம் சரி. கடைசியாக பேட்டரி. டெர்மினலைத் திறந்து யூபவர் கட்டளையைக் கொடுத்தால் இரண்டு பேட்டரியின் ஜாதகத்தையும் சொல்லிவிடும்: தயாரித்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது நிரம்பினால் எவ்வளவு பிடிக்கும், எத்தனை சுற்று ஓடியிருக்கிறது. உள் பேட்டரி 24 வாட்-மணியில் 19 பிடித்தது, பரவாயில்லை. வெளிப் பேட்டரி அதே 24இல் எட்டரை! "மூணு மணி நேரம் கியாரண்டி சார்" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த தம்பி திரையை எட்டிப் பார்த்தான். எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு பேரம் தானாகவே சுருங்கியது. அடுக்கிலிருந்து நாலைந்து பேட்டரியை எடுத்துப் போட்டார்கள், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து (அணைக்காமலே மாற்றலாம் என்பது அப்போது எவ்வளவு வசதி!) 21 காட்டிய ஒன்றை எடுத்துக்கொண்டேன். இதற்கெல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் ஆனது. கடைக்கு நான் கொடுத்த மூன்று மார்க், அந்த நாற்பது நிமிடம் துரத்தாமல் விட்டதற்காக.

வீட்டுக்கு வந்து மின்ட் ஏற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அடுத்து அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். ஆனால் விண்டோஸை அழிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன், நீங்களும் செய்யுங்கள். இந்தக் காலத்து திங்க்பேடுகளின் தண்டர்போல்ட் சிப்பில் (டைப்-சி போர்ட்டுக்குப் பின்னால் இருப்பது) ஒரு ஃபர்ம்வேர் கோளாறு, அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் நிரலில் கோளாறு, உண்டு என்று லெனோவோவே அறிவித்து, அவசரத் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. திருத்தம் போடாமல் வருடக்கணக்கில் ஓட்டினால் டைப்-சி போர்ட் சார்ஜ் ஏற்காமல் போகலாம், வெளித் திரை வராமல் போகலாம். செகண்ட் ஹேண்டில் வரும் மெஷினில் முந்தைய முதலாளி அதைப் போட்டாரா என்று யாருக்குத் தெரியும்? கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸ் இருக்கும்போதே லெனோவோ தளத்திலிருந்து அதை இறக்கி ஓட்டிவிட்டால் கவலை விட்டது. பயாஸ் அப்டேட்டுக்கு விண்டோஸ் தேவையில்லை. 2018இலிருந்து லெனோவோ தன் ஃபர்ம்வேர்களை லினக்ஸ்காரர்களின் எல்விஎஃப்எஸ் களஞ்சியத்தில் ஏற்றுகிறது, எஃப்டபிள்யூஅப்டி என்ற நிரல் அதை எடுத்துப் போட்டுவிடும். சார்ஜர் செருகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ் தட்டச்சுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் சோறு போடுவது. மின்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சு நிரல், அதற்குள் எம்17என் என்ற பன்மொழித் தொகுப்பு, அதில் தமிழ்99 விசை அமைப்பு. நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் தயார். லிப்ரே ஆபீஸ், ஸ்கிரைபஸ், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அடிக்கிறது. கீபோர்டைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதாது. விசை உள்ளே இறங்கும் தூரம், திரும்பி எழும் வேகம், ஓரத்தில் அடித்தாலும் பதிகிற விதம், முக்கியமாக நடுவில் கிடக்கும் அந்தச் சிவப்புக் குமிழ். பிழைதிருத்தும்போது கை கீபோர்டை விட்டு நகராமலே கர்சரைக் கொண்டுபோய் ஒற்று மிகும் இடத்தில் நிறுத்தலாம். முதல் இரண்டு நாள் விரல் நுனி வலித்தது, அப்புறம் பழகிவிட்டது. இப்போது வேறு லேப்டாப்பில் உட்கார்ந்தால் ஜி-க்கும் ஹெச்-சுக்கும் நடுவே விரல் தானாகத் தடவுகிறது. ஒரே எரிச்சல், கண்ட்ரோல் இருக்க வேண்டிய மூலையில் எஃப்என் விசை உட்கார்ந்திருக்கிறது. பயாஸில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம், மாற்றிவிட்டேன்.

திரை சுமார். 250 நிட் வெளிச்சம், நிறமும் கொஞ்சம் வெளுத்தாற்போல்தான். அட்டை வடிவமைக்கிறவர்கள் வெளித் திரை வைத்துக்கொள்ளுங்கள். இதே மாடலில் 1366க்கு 768 திரையோடும் வருகிறது, இலவசமாகக் கொடுத்தாலும் அது வேண்டாம். எம்எக்ஸ்150 என்ற தனி என்விடியா கார்டோடு வருவதும் உண்டு, எனக்கு அது தேவையில்லாத தலைவலி, இன்டெல் கிராபிக்ஸ் மட்டும் உள்ளதைப் பார்த்து எடுத்தேன்.

பேட்டரி விஷயத்தில் லினக்ஸ் எனக்கு இங்கே விண்டோஸை விடச் சுலபமாக இருந்தது. பெரும்பாலும் மேஜையில் சார்ஜரோடுதான் வேலை. நூறு சதவீதத்திலேயே நாளெல்லாம் நின்றால் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டும். டிஎல்பி என்ற நிரலைப் போட்டு, 75க்குக் கீழே இறங்கினால் ஏற ஆரம்பி, 80இல் நிறுத்து என்று இரண்டு வரி எழுதினேன், இரண்டு பேட்டரிக்கும். திங்க்பேடுகளுக்கு இந்த வசதி லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருப்பதால் வேறு எதையும் தேட வேண்டாம். வெளியூர் போகும் முந்தைய இரவு மட்டும் முழுக்க ஏற்றச் சொல்வேன். மூடி வைத்தால் தூங்குவதும் சரியான ஆழ்ந்த தூக்கம்: ராத்திரி மூடினால் காலையில் மூன்று நாலு சதவீதம்தான் குறைந்திருக்கும். இன்றைய புது லேப்டாப்புகள் பலவற்றில் இந்தப் பழைய வகைத் தூக்கத்தையே எடுத்துவிட்டார்கள் என்பதையும் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்.

சூடு. நானூறு பக்கப் புத்தகத்தை பிடிஎஃப் ஆக்கும்போது ஆரம்பத்தில் வேகமாக ஓடி, பாதியில் நொண்டியது. இந்தத் தலைமுறை திங்க்பேடுகள் லினக்ஸில் 80 டிகிரி வாக்கிலேயே ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், விண்டோஸில் இதைவிடக் கொஞ்சம் தாராளமாக விடும். 'த்ராட்டில்ட்' என்றே பெயர் வைத்து ஒருவர் எழுதிய நிரல் இருக்கிறது, அந்த வரம்பை மேலே ஏற்றிவிடுகிறது. போட்டேன், நொண்டல் போனது. கூடவே தெரு முனை சர்வீஸ்காரரிடம் கொடுத்து ஃபேனைத் துடைத்து தெர்மல் பேஸ்ட்டும் மாற்றிக்கொண்டேன், எட்டு வயது மெஷினுக்கு அது எப்படியும் தேவை.

கைரேகை சென்சார்: இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் சினாப்டிக்ஸ் சிப்புக்கு லினக்ஸின் வழக்கமான கைரேகை நூலகத்தில் ஆதரவு கிடையாது. யாரோ உடைத்துப் பார்த்து எழுதிய பைதான் டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) ஒன்று உண்டு, ஆர்வம் இருப்பவர்கள் முயலலாம். எனக்குப் பாஸ்வேர்டு அடிக்கப் பத்து விரலும் இருக்கிறது.

இனி லேப்டாப்புக்கு வெளியே மாட்டுகிறவை. எனக்கு நாள் வீணானதெல்லாம் இங்கேதான்.

டாங்கிள். வீட்டில் மனைவி கணக்கு எழுதும் பழைய டெஸ்க்டாப்புக்காக வாங்கியது, அதிலும் மின்ட்தான், ஆனால் முந்தைய 21. பெட்டியில் பென்குவின் படம் போட்டு 'லினக்ஸ் சப்போர்ட்' என்று அச்சடித்திருந்தது. மாட்டினால் வைஃபை வரவில்லை, திரையில் புதிதாக ஒரு சிடி டிரைவ் முளைத்தது! ஒரு நிமிடம் புரியவே இல்லை. விஷயம் இதுதான்: இந்த வகை டாங்கிள்கள் விண்டோஸ் டிரைவரைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, முதலில் சிடி மாதிரி வேஷம் போடும். டிரைவர் ஏறிய பிறகுதான் வேஷத்தைக் கலைத்து வைஃபையாக மாறும். லினக்ஸில் அந்தச் சிடியை ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்தாலே பல சமயம் மாறிவிடும், யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பு இருந்தால் தானாகவே நடக்கும். சரி, வேஷம் கலைந்தது. அப்போதும் வைஃபை இல்லை. எல்எஸ்-யூஎஸ்பி கட்டளை கொடுத்து டாங்கிளின் அடையாள எண்ணைப் பார்த்தால், உள்ளே இருப்பது ரியல்டெக் 8811சியூ. அந்தச் சிப்பை யூஎஸ்பி வழியாக ஓட்டும் டிரைவர் கர்னலுக்குள் வந்தது 6.2இல். மனைவியின் டெஸ்க்டாப்பில் ஓடுவது 5.15. அப்புறம் எங்கிருந்து வரும்?

பெட்டியில் போட்டிருந்த 'லினக்ஸ் சப்போர்ட்' என்பது, குறுந்தகட்டில் இருந்த ஏதோ ஒரு பழைய சோர்ஸ் கோடு. கம்பைல் செய்தால் பிழை மேல் பிழை. அதைவிடக் கொடுமை, அதே பெயர், அதே பெட்டி, அதே பென்குவினோடு போன வருடம் என் தம்பி வாங்கியதில் வேறு சிப் இருக்கிறது, அவனுக்கு மாட்டியதும் ஓடுகிறது! பெயரை மாற்றாமல் வயிற்றை மாற்றுகிறார்கள். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன், "விண்டோஸ்ல ஓடுதுல்ல சார்" என்று கையை விரித்தார்கள். கடைசியில் மனைவியின் டெஸ்க்டாப்பையும் மின்ட் 22க்கு ஏற்றினேன், அதில் கர்னல் 6.8. டாங்கிள் எழுந்தது, ஆனால் அவ்வப்போது மயங்கி விழுகிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ள ஒன்றைத் தேடி வாங்கினேன். அந்தச் சிப்பின் டிரைவர் வருடக்கணக்காகக் கர்னலிலேயே இருக்கிறது, மாட்டினேன், ஓடுகிறது, மறந்துவிட்டேன். ஆகவே டாங்கிள் வாங்கும்போது பெட்டியின் பெயரைக் கேட்காதீர்கள், சிப்பின் பெயரைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அங்கேயே லேப்டாப்பில் செருகி எண்ணைப் பாருங்கள்.

டாக் விஷயமும் கிட்டத்தட்ட இதே. டைப்-சி ஒயர் ஒன்றைச் செருகினால் திரை, கீபோர்டு, நெட், சார்ஜ் எல்லாம் வர வேண்டும் என்று ஆசை. நண்பர் ஒருவர் கொடுத்த டாக் டிஸ்ப்ளேலிங்க் வகை, அதாவது படத்தைச் சுருக்கி யூஎஸ்பி டேட்டாவாக அனுப்புவது. அதற்குத் தனி டிரைவர் இறக்க வேண்டும், கர்னல் மாறும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டைப்-சியின் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக நேரடியாகப் படம் அனுப்பும் சாதாரண ஹப் ஒன்று வாங்கினேன், விலையும் குறைவு. அதற்கு டிரைவர் என்ற பேச்சே இல்லை.

ப்ளூடூத் இயர்பட்ஸ் பாட்டுக்குப் பிரமாதம். மீட்டிங்கில் சேர்ந்ததும் எதிர்முனைக் குரல் பழைய லேண்ட்லைன் போல ஆகிவிடும். இது லினக்ஸின் குறை இல்லை, ப்ளூடூத்தின் பிறவிக் குணம்: மைக்கைத் திறந்தவுடன் தரமான பாட்டு வழியை விட்டுப் போன்கால் வழிக்கு மாறிவிடுகிறது. சவுண்ட் செட்டிங்கில் மைக்குக்கு லேப்டாப்பின் மைக்கையே தேர்ந்தெடுத்துவிட்டால் காதில் நல்ல தரம் அப்படியே இருக்கும். மின்ட் 22 பைப்வயர் என்ற புது ஒலி அமைப்புக்கு மாறிய பிறகு இந்த மாற்றங்களெல்லாம் அறுந்து போகாமல் நடக்கின்றன. முன்னெல்லாம் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் இயர்பட்ஸைத் துண்டித்துத் துண்டித்து இணைக்க வேண்டியிருக்கும்.

பிரிண்டர். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் எல்லாம் ஒரு குட்டி லேசர் பிரிண்டர் இருக்குமே, என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது. அவற்றில் பலவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது, பக்கத்தைப் புள்ளிப் புள்ளியாக வரைந்து கொடுப்பது கம்ப்யூட்டரின் வேலை, அதையும் கம்பெனியின் சொந்த மொழியில் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்ததற்கு 32-பிட் நூலகங்கள் கேட்கும் பழைய டிரைவர்தான். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதை விற்றுவிட்டு ஏர்பிரிண்ட் என்று போட்ட வைஃபை ஆல்-இன்-ஒன் ஒன்று வாங்கினேன். வீட்டு வைஃபையில் சேர்த்தேன், லேப்டாப்பின் பிரிண்டர் பட்டியலில் தானாக வந்து நின்றது. ஏர்பிரிண்ட் ஐபோனுக்காக வந்ததுதான், ஆனால் அந்த மொழி தெரிந்த பிரிண்டரோடு லினக்ஸின் அச்சு நிரலான கப்ஸ், தனி டிரைவர் இல்லாமலே பேசிவிடும். ஸ்கேனரும் அதே வழியில் வந்துவிட்டது. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து ஒப்பிட்டுத் திருத்துவது என் வேலையில் பாதி, அதனால் இது எனக்குப் பெரிய நிம்மதி.

ஆறு மாதச் செலவு: மெஷின் 19,500, ஃபேன் துடைத்ததற்கும் பேஸ்ட்டுக்கும் 600. முட்டை வாங்கிய டாங்கிள் 550, அதைக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. குறைந்த அரை மார்க் திரைக்கு.

போன வாரம் பின்னால் மாட்டும் 72 வாட்-மணி பெரிய பேட்டரி கிடைக்குமா என்று அதே கடைக்குப் போனேன். இல்லை என்றார்கள். கவுண்ட்டரில் அதே தம்பி, வாடிக்கையாளர் ஒருவருக்கு மெஷின் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கேட்டான்: "சார், அந்தப் பென்டிரைவ் இருக்கா? ஒரு காப்பி போட்டுக்கறேன். பேட்டரி பாக்கறதுக்கு நல்லா இருந்துச்சு." கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் காப்பி போட்டுத் திருப்பிக் கொடுத்தான், டீயும் வாங்கிக் கொடுத்தான். டாங்கிளை மட்டும் அப்போதும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.